பொட்டு வைத்த ஃபிளாப்பி

பம்பாயிலிருந்து வந்த கடிதத்தைச் சின்னராஜ் மூன்று முறை படித்தார். முதல் தடவை விஷயத்துக்காக. இரண்டாம் தடவை இங்கிலீஷுக்காக. மூன்றாம் தடவை, இதை எந்த ஃபைலில் சேர்ப்பது என்பதற்காக. அப்படியொரு ஃபைல் இல்லை என்று தெரிந்ததும் மூலையில் ‘வரவு எண் 1143, 7-11-1994’ என்று எழுதி, துளை போட்டு, நூலில் கோக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

ஜூஜுவாடியில், கர்நாடக எல்லைக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு தகர ஷெட்டில் நடந்துவந்தது வர்ணா கிராஃபிக் சிஸ்டம்ஸ் பிரைவேட் லிமிடெட். கல்யாணப் பத்திரிகை, தக்காளிப் பெட்டி லேபிள், மஞ்சள் நீராட்டு விழா நோட்டீஸ் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் வரைவதற்கு ‘சித்திரம்’ என்ற சாப்ட்வேரைச் செய்து அச்சகங்களுக்கு விற்கிற கம்பெனி. கம்பெனிக்கு இரண்டு லெட்டர்ஹெட் இருந்தது. ஒன்றில் ‘பெங்களூர் அருகில்’ என்று இருக்கும்; அது வியாபாரத்துக்கு. இன்னொன்றில் ‘ஓசூர் தாலுகா, பின்தங்கிய பகுதி’ என்று இருக்கும்; அது மானியத்துக்கு. ஷெட் ஒன்றுதான். எந்தக் கடிதத்துக்கு எந்த ஊர் என்பது சின்னராஜுக்கு மட்டுமே தவறாமல் தெரியும். ஏழு வருடமாக அவர்தான் அங்கே கடிதப் போக்குவரத்து கிளார்க்.

முதலாளி கங்கப்பன் முன்பு அட்டைப்பெட்டி வியாபாரம் செய்தவர். கடிதத்தைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“என்ன சொல்றான்?”

“நம்ம கம்பெனியை வாங்கிக்கலாம்னு நெனைக்கறாங்களாம் மொதலாளி. அதுக்கு முன்னால நாலு கேக்கறாங்க. ஒண்ணு, கம்பெனியோட சரித்திரம். யாரு எந்த வருஷம் எதை எழுதினாங்கன்னு. ரெண்டு, சாப்ட்வேரோட மூலம் இருக்கற ஃபிளாப்பி. மூணு, கஸ்டமருங்க எழுதின கம்ப்ளெய்ன்ட் ஃபைலு. நாலு, சாப்ட்வேரை எழுதினவங்க அவங்க என்ஜினியர்கூட மூணு நாள் ஒக்காந்து வெளக்கணும்.”

“பொண்ணு பாக்க வர்றான். அவ்வளவுதானே. ஜோடிச்சு ஒக்கார வெச்சுட்டாப் போச்சு.”

சின்னராஜ் நாலாவது விஷயத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சாப்ட்வேரை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியும். எழுதியது தாஹிரா. கிருஷ்ணகிரிப் பெண், பி.எஸ்ஸி. கணிதம். எண்பத்தேழில் வேலைக்கு வந்து மூன்றரை வருடம் தனி ஆளாக உட்கார்ந்து சித்திரத்தை எழுதினாள். தொண்ணூறில் அச்சடித்த விளம்பரப் புத்தகத்தில், ‘உருவாக்கியவர்: டெக்னிகல் டைரக்டர் திம்மப்பன்’ என்று வந்தது. திம்மப்பன், கங்கப்பனின் மனைவி சரசம்மாவின் தம்பி. “என் பேரு எங்கீங்க?” என்று தாஹிரா கேட்டாள். சாப்ட்வேர் முடிந்துவிட்டபடியால் இனி தங்கள் சேவை தேவைப்படாது என்று அவளுக்குக் கடிதம் போனது. டைப் அடித்தவர் சின்னராஜ்.

அதற்குப் பிறகு ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று அவளிடமிருந்து இங்கிலீஷில் பதிவுத் தபால் வந்துகொண்டிருந்தது. ‘சித்திரம் சாப்ட்வேரை எழுதியது நான் என்று ஒரு அனுபவச் சான்றிதழ் தர வேண்டுகிறேன். அது இல்லாமல் எனக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை.’ இதுவரை ஏழு கடிதங்கள். ஏழுக்கும் சின்னராஜ் இங்கிலீஷிலேயே பதில் போட்டிருந்தார்: ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’

மறுநாள் காலை கங்கப்பன் சரித்திரம் சொல்ல உட்கார்ந்தார். சரசம்மாவும் திம்மப்பனும்கூட நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

“எழுது சின்னராசு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தேழாம் வருஷம்…”

“கம்பெனி பதிவானது எண்பத்தேழுங்க.”

“கம்பெனிக்கு எண்பத்தேழு. சரித்திரத்தை எங்கேருந்து வேணா ஆரம்பிக்கலாம். நாப்பத்தேழுல எங்கப்பாரு மாட்டுக் கொம்புக்கு மூணு கலர் பெயின்ட் அடிச்சாரு. அது கிராஃபிக்ஸ் இல்லாம வேற என்ன?”

சின்னராஜ் எழுதிக்கொண்டார்.

“லோகோ என் கோலத்துலருந்து எடுத்தது. அதையும் போட்டுக்கங்க சின்னராஜு” என்றாள் சரசம்மா.

லோகோ ஒரு பல்பு அட்டைப்பெட்டியின் பக்கவாட்டிலிருந்து எடுத்தது. அந்த அட்டைப்பெட்டியை ஓரம் பிசகாமல் கத்தரித்து ஆர்ட்டிஸ்டுக்கு அனுப்பியவரே சின்னராஜ்தான். அவர் அதையும் எழுதிக்கொண்டார், கோலத்தை.

திம்மப்பன் தொண்டையைச் செருமினான். ஏ.சி. அறையின் சாவி அவனிடம்தான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது, ஏ.சி.யைப் போடுவது, மாலையில் அணைப்பது இவ்வளவும் அவன் பொறுப்பு. ஏழு வருடத்தில் கீபோர்டைத் துடைக்க மட்டுமே தொட்டிருக்கிறான். அக்கா புருஷனை அவர்கள் வீட்டுத் தெலுங்கு வழக்கப்படி பாவா என்பான்.

“பாவா, நான் சித்திரத்தை ‘எழுதினார்’னு போட்டா சப்புன்னு இருக்குது. ‘கண்டுபிடித்தார்’னு போடச் சொல்லு.”

“போட்டுக்க சின்னராசு.”

சின்னராஜின் பேனா நின்றது. “மொதலாளி, தாஹிரான்னு ஒருத்தங்க…”

“அந்த டைப் அடிச்ச பொண்ணா?”

“டைப் அடிச்சது நானுங்க. அந்தம்மா எழுதினாங்க.”

“எழுதி முடிச்சிருச்சில்ல? வூடு கட்டி முடிச்சாக் கொத்தனாரு பேரையா வாசல்ல போடுவாங்க? வூட்டுக்காரன் பேரைத்தான் போடுவாங்க. நீயும் ராயக்கோட்டையில வூடு கட்டினியே, எந்தக் கொத்தனாரு பேரைப் போட்டே?”

சின்னராஜ் யார் பேரையும் போடவில்லை. வீட்டுக் கடன் கொடுத்தவர்கள் பேரைத்தான் போட்டிருக்க வேண்டும். சொன்னபடி எழுதினார். சரித்திரம் பதினோரு பக்கம் வந்தது. அதில் மாடு இருந்தது, கோலம் இருந்தது, ஷெட்டுக்கு அடிக்கல் நாட்டியபோது பெய்த மழைகூட இருந்தது. தாஹிரா இல்லை. இங்கிலீஷாக்கி நாலு பிரதி அடித்து, ஒன்றைப் பம்பாய்க்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதை ஒட்டி வைத்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. சரித்திரம் சுவாரசியமாக இருந்தது, எங்கள் என்ஜினியர் இருபத்தெட்டாம் தேதி வருகிறார், மூல ஃபிளாப்பிகளைத் தயாராக வைத்திருக்கவும்.

மூலம் என்பது, சாப்ட்வேரை எழுதியவர் வரிவரியாக எழுதின கட்டளைகள். விற்கிற ஃபிளாப்பியில் அது இருக்காது. மூலம் இல்லாவிட்டால் படத்தில் ஒரு புள்ளியைக்கூட இடம் மாற்ற முடியாது. தாஹிரா போன பிறகு வர்ணா கம்பெனியில் யாரும் எந்தப் புள்ளியையும் மாற்ற நினைத்ததில்லை. விளம்பரத்தில் அதையே, ‘நான்கு ஆண்டுகளாக மாற்றமே தேவைப்படாத சாப்ட்வேர்’ என்று போட்டு வந்தார்கள்.

ஃபிளாப்பியைப் பிரதி எடுத்துக் கொடுக்க ஓசூரிலிருந்து அக்பர் பாஷாவை வரவழைத்தார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர். திம்மப்பன் செருப்பைக் கழற்றி, அக்பர் பாஷாவையும் கழற்றச் சொல்லி, ஏ.சி. அறைக்குள் கூட்டிப் போய் சாமி அலமாரியைத் திறந்தான். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டில் ஆறு ஃபிளாப்பிகள் இருந்தன.

அக்பர் பாஷா ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டர் பக்கம் போகவே இல்லை.

“இதுக்கு என்னங்க பண்ணினீங்க?”

“ஆயுத பூஜை” என்றான் திம்மப்பன். “கம்பெனிக்கே மூலம் அதுதானே. வருசா வருசம் மொத பொட்டு அதுக்குத்தான். சந்தனம் வெச்சு அதும்மேல குங்குமம். நாலு வருசமா ஒரு வருசங்கூட விட்டதில்ல.”

“அட்டை மேல வெச்சீங்க சரி. இந்தச் சந்துல, உள்ளே பிலிம் தெரியற எடத்துலயும் வெச்சிருக்கீங்களே.”

“அங்கதான் நெத்தி மாதிரி வாட்டமா இருந்துச்சு.”

கங்கப்பன் முன்னால் வந்தார். “ஈரத்துணியில தொடச்சுட்டுப் போட்டுப் பாரு பாய்.”

“இதை டிரைவ்ல போட்டா டிரைவும் இதுகூடவே போயிரும் மொதலாளி. உள்ளே காஞ்சு ஒட்டிக் கெடக்குது. இதுல ஃபைல் ஒண்ணும் இல்லீங்க. குங்குமந்தான் இருக்குது.”

“காப்பி இருக்குது பாவா” என்று திம்மப்பன் பெருமையாகக் கீழ்த்தட்டைத் திறந்தான். இன்னொரு பித்தளைத் தட்டு, இன்னும் ஆறு ஃபிளாப்பிகள். அவற்றுக்கும் நெற்றி நிறைந்த பொட்டு.

“காப்பிக்கு எதுக்குடா வெச்சே?”

“ஒண்ணுக்கு வெச்சுட்டு இன்னொண்ணுக்கு வெக்காம விட்டா நல்லா இருக்குமா? நீங்களே சொல்லுங்க பாய்.”

அக்பர் பாஷா கையிலிருந்த ஃபிளாப்பியைத் தட்டில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, வந்துபோன பஸ் சார்ஜை மட்டும் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

அன்று பிற்பகலே கங்கப்பன் சின்னராஜைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார். “அந்தப் பொண்ணுகிட்ட ஏதாச்சும் இருக்குதா பாரு. சாந்தமாப் பேசு. நீ பேசினாக் கேக்கும், நீதான் அதுகூட லெட்டர்ல தொடர்பு வெச்சிருக்கே.”

ரவுண்டானாவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு செருப்புக் கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். தாஹிரா மூலையில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்றிருந்தாள். நாலு வருடத்தில் கண்ணாடி போட்டிருந்தாள். மற்றபடி அதே ஆள். சின்னராஜைப் பார்த்ததும் வாட்ச்சை நிறுத்தினாள்.

“வாங்கண்ணா. எட்டாவது லெட்டரை நான் இன்னும் போடவே இல்லியே. அதுக்குள்ள பதிலைக் கையோட கொண்டாந்துட்டீங்களா?”

சின்னராஜ் பெஞ்சில் உட்கார்ந்து வந்த விஷயத்தை வரிசையாகச் சொன்னார். பம்பாய்க் கடிதம், சரித்திரம், ஃபிளாப்பி. எதையும் விடாமல், தேதி வாரியாக. பொட்டு வரைக்கும் வந்தபோது தாஹிரா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

“காப்பிக்குமா?”

“காப்பிக்குந்தாம்மா.”

அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஸ்டீல் பீரோவைத் திறந்து ஐந்து லாங் சைஸ் நோட்டுகளை எடுத்து மேஜையில் அடுக்கினாள்.

“ஜூஜுவாடியில கரண்ட்டு எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது இல்லீங்களா. அதனால மொதல்ல நோட்டுல எழுதிடுவேன். கரண்ட்டு வந்தா அதைப் பாத்து அடிப்பேன். சித்திரம் முழுசும் இதுல இருக்குது. மயில் படத்துக்கு வால் வெட்டுப்பட்டு வருமே, அது ஏன்னுகூட அஞ்சாவது நோட்டுல இருக்குது. போன வருஷந்தான் கண்டுபிடிச்சேன். சரி பண்ணி எழுதியும் வெச்சிட்டேன்.”

“போன வருஷமா? நீதான் வேலையிலேயே இல்லியேம்மா.”

“தப்பு தெரிஞ்சுபோச்சு, அதை எப்படிங்கண்ணா அப்படியே விடறது.”

சின்னராஜுக்குச் சட்டென்று அந்த நோட்டுகளைத் தொட வேண்டும் போல் இருந்தது. தொடவில்லை.

“மொதலாளி எவ்வளவு வேணும்னாலும்…”

“காசு வேணாங்க. சான்றிதழ் வேணும். ‘சித்திரம் சாப்ட்வேரை இவர் தனியாக எழுதினார்’னு ஒரே வரி. அதைக் குடுங்க, நோட்டைக் கொண்டுபோங்க. பெங்களூர்ல ஆறு எடத்துக்கு இன்டர்வியூ போயிட்டேன். என்ன எழுதினேன்னு கேக்கறாங்க. சித்திரம்னு சொன்னா உங்க கம்பெனி புஸ்தகத்தை எடுத்து நீட்டறாங்க. இது யாரோ திம்மப்பன் எழுதினதாச்சே, பொய்யா சொல்றேங்கறாங்க. பொய்க்காரின்னு பேரு வாங்கிட்டு வர்றதுக்கு இவ்வளவு தூரம் போகணுமான்னு வூட்டுல கேக்கறாங்க. வர்ற மாசம் பத்தாந் தேதி ஏழாவது எடம். அதுக்கும் வெறுங்கையோட போக மாட்டேன்.”

“உன் லெட்டருக்குப் போட்ட பதிலெல்லாம் நான் சொந்தமா எழுதினது இல்லம்மா. மொதலாளி சொல்லுவாரு, நான் அடிப்பேன்.”

“மொதலாளி ‘பரிசீலனை’ன்னு பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அவரு ‘அதெல்லாம் முடியாது போ’ன்னு சொல்லியிருப்பாரு. சொல்லியிருந்தா நானும் அன்னைக்கே வேற வழி பாத்திருப்பேன். பரிசீலனைங்கற வார்த்தையை அவருக்கு எடுத்துக் குடுத்தது யாருங்கண்ணா?”

சின்னராஜ் டைப் அடிக்கிற பெண்களைப் பார்த்தார். அதில் ஒருத்தி கடிதப் பாடம் அடித்துக்கொண்டிருந்தாள். தாஹிரா நோட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஜூஜுவாடியில் நிலைமை எதிர்பார்த்தபடியே இருந்தது.

“ஒரு வரிதானே, குடுத்துத் தொலைக்கலாம்” என்றார் கங்கப்பன். “ஆனா பதினோரு பக்கம் பம்பாய்க்குப் போயிருச்சே. அதுல திம்மப்பன்தானே கண்டுபிடிச்சிருக்கான்.”

“என் தம்பி பேரை அதுலருந்து எடுத்தீங்கன்னா நான் மாலூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன்” என்றாள் சரசம்மா. “கம்பெனியை வித்தா பெங்களூர்ல அவனுக்கு டைரக்டர் போஸ்ட்டுன்னு சொல்லித்தான் பொண்ணு பாத்துட்டு வந்திருக்கோம்.”

“உதவியாளர்னு வேணா போட்டுக்கட்டும்” என்றான் திம்மப்பன் தாராளமாக. “எனக்கு உதவினதா.”

சின்னராஜ் அதைக் கிருஷ்ணகிரிக்கு எழுதிக் கேட்டார். வேண்டாம் என்று ஒரு போஸ்ட் கார்டில் பதில் வந்தது. அதற்குமேல் அதில் ஒரு எழுத்து இல்லை.

“அப்ப சரி” என்றார் கங்கப்பன். “மூணு நாள்தானே. திம்மப்பனே ஒக்காந்து சமாளிக்கட்டும். ஃபிளாப்பி பேங்க் லாக்கர்ல இருக்குது, சாவி ஊர்லருந்து வருதுன்னு சொல்லிக்கலாம்.”

பம்பாய் என்ஜினியர் சின்ன வயதுக்காரர். மெதுவாகப் பேசினார், எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதினார். அவருக்குத் தெரிந்தது இங்கிலீஷ். திம்மப்பனுக்குத் தெரிந்தது தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம் தமிழும். நடுவில் சின்னராஜ் உட்கார்ந்தார். அவருக்கும் இங்கிலீஷ் கடிதமாகத்தான் வரும். உங்களுக்கும் டீ வேண்டுமா என்று என்ஜினியர் கேட்டதற்கு, ‘தங்கள் அன்பான விசாரிப்பு கிடைக்கப்பெற்றோம், வேண்டும்’ என்கிற மாதிரிதான் அவரால் சொல்ல முடிந்தது.

என்ஜினியர் திரையில் மயில் படத்தைக் கொண்டுவந்தார். அகலத்தை அதிகப்படுத்தினார். வால் வெட்டுப்பட்டது. ஏன் என்று கேட்டார்.

திம்மப்பன் மயிலை நிதானமாகப் பார்த்தான்.

“அது நாங்களே வெச்ச கொறைங்க. கல்யாணப் பத்திரிகையில மயிலு முழுசா அம்சமா வந்துட்டா கண்ணு பட்டுரும். திருஷ்டிக்காக வாலைக் கொஞ்சம் கொறைச்சிருக்கோம்.”

சின்னராஜ் மொழிபெயர்த்தார்: ‘இது வட்டார வழக்கத்தை முன்னிட்டு வேண்டுமென்றே வைக்கப்பட்ட குறைபாடு.’ என்ஜினியர் அதை நோட்டில் முழுதாக எழுதிக்கொண்டார். பிறகு, மூன்றாவது வரி எழுத்து நாதஸ்வரப் படத்தின் மேல் ஏறுகிறதே, அதுவும் திருஷ்டியா என்று கேட்டார். “இல்லீங்க, அது மங்களம்” என்றான் திம்மப்பன். அதையும் எழுதிக்கொண்டார். சாயங்காலம் வரை இப்படியே போனது.

இரண்டாம் நாள் காலை என்ஜினியர் திம்மப்பனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்ளெய்ன்ட் ஃபைலைப் பார்க்கலாமா என்றார்.

“தாராளமா” என்றார் கங்கப்பன். “எத்தனை பேருக்கு பதில் எழுதியிருக்கோம்னு பாக்கட்டும்.” சின்னராஜ் ஃபைல் எடுக்கப் போனபோது கதவு வரைக்கும் கூடவே வந்து குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொண்ணோட லெட்டருங்க அதுல இருந்தா எடுத்துரு.”

அதில்தான் இருந்தன. வேறு தலைப்பு இல்லாததால் தாஹிராவின் கடிதங்களையும் கம்ப்ளெய்ன்ட் என்றே சேர்த்து வைத்திருந்தார். சேலம் அச்சகக்காரரின் மயில் புகாருக்கும் ஈரோட்டுக்காரரின் நாதஸ்வரப் புகாருக்கும் இடையில், ஜூனில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக அவை தேதிப்படி உட்கார்ந்திருந்தன.

சின்னராஜ் நூலை அவிழ்த்தார். ஏழு கடிதத்தையும் தன்னுடைய ஏழு பதிலையும் உருவி எடுத்து மேஜை டிராயரில் வைத்தார். டிராயரைத் தள்ளினார். அது பாதி மூடி நின்றது.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. இந்த வேலை போனால் ஓசூரில் எந்த ஃபாக்டரியும் அவரைக் கடிதம் எழுதக் கூப்பிடப் போவதில்லை. எல்லா இடத்திலும் இருபது வயசுப் பையன்கள் கம்ப்யூட்டரில் அடிக்கிறார்கள். இதையெல்லாம் அவர் வரிசையாகவே நினைத்தார். ஆனால் வரிசையின் கடைசியில், டைப்ரைட்டர் சத்தத்துக்கு நடுவே தாஹிரா கேட்டதுதான் வந்து நின்றது. முதலாளி முடியாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னார். அதை மரியாதையாக்கி, நம்புகிற மாதிரி ஆக்கி, நாலு வருடம் அந்தப் பெண்ணைத் தபால்காரரை எதிர்பார்க்க வைத்தது தான்தான்.

டிராயரைத் திறந்தார். பதினாலு தாளையும் எடுத்தார். தேதிப்படி அதனதன் இடத்தில் வைக்கப் போனவர் நிறுத்தினார். ஃபைல் நானூறு பக்கம். என்ஜினியர் அதுவரை புரட்டுவாரா என்பது நிச்சயமில்லை. சின்னராஜ் உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தேதி வரிசையை மீறினார். பதினாலையும் ஃபைலின் மேலே வைத்து நூலை இறுக்கிக் கட்டினார். முடிச்சு கோணலாக விழுந்தது.

என்ஜினியர் மேலே இருந்த கடிதத்தைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். பதிலைப் படித்தார். ஏழாவது பதிலைப் படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

சின்னராஜ் முகவரியைச் சொன்னார். பின்கோடோடு சொன்னார்.

மத்தியானம் என்ஜினியரைக் காணவில்லை. மூன்றாம் நாளும் காணவில்லை. “ஊரைச் சுத்திப் பாக்கப் போயிருப்பான்” என்றார் கங்கப்பன். “நம்மளைப் பிடிச்சிருச்சு.” நாலாம் நாள் காலை பத்தரைக்குக் கிருஷ்ணகிரி பஸ்ஸிலிருந்து என்ஜினியரும் தாஹிராவும் இறங்கி வந்தார்கள். அவள் கையில் ஒயர் கூடை, கூடையில் ஐந்து நோட்டு.

என்ஜினியர் சொன்னதைச் சின்னராஜ் மொழிபெயர்த்தார். சித்திரத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். கம்பெனி வேண்டாம், ஷெட்டும் வேண்டாம். அதை எழுதியவர் இவர்தான் என்று இவருக்குச் சான்றிதழ் கொடுத்தால்தான் வாங்குவோம். எங்கள் பெங்களூர் ஆபீஸில் சித்திரம் பிரிவை இவரே பார்த்துக்கொள்வார்.

“திம்மப்பனுக்கு?” என்றார் கங்கப்பன்.

பெங்களூர் ஆபீஸில் ஏ.சி. தானாகவே ஓடும், தானாகவே நிற்கும் என்றார் என்ஜினியர்.

சரசம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி சாவிக்கொத்தைப் பார்த்தான். கங்கப்பன் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“சின்னராசு, எழுது. புது சரித்திரம். ‘பெண்களுக்குக் கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்தால் சாதிப்பார்கள் என்பதை இந்தப் பின்தங்கிய பகுதியில் முதன்முதலில் உணர்ந்தவர் எங்கள் முதலாளி…’”

“மாடுங்க?”

“மாடு இருக்கட்டும். அதுக்கப்புறம் இது.” பிறகு என்ஜினியர் பக்கம் திரும்பி, “அந்த லெட்டரையெல்லாம் மேல வெச்சுக் குடுன்னு நான்தான் இவருகிட்ட சொன்னேன். சொல்லு சின்னராசு, அவருக்கு” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சின்னராஜ் மொழிபெயர்க்கவில்லை. என்ஜினியர் காத்திருந்து பார்த்துவிட்டுச் சான்றிதழைக் கேட்டார்.

சின்னராஜ் அதை முன்னாலேயே அடித்து வைத்திருந்தார். கங்கப்பன் தாளைத் தூரமாகப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“‘தனியாக’ன்னு ஒரு வார்த்தை இருக்குதே. அதை மட்டும் எடுத்துரலாமா? ஏ.சி.யெல்லாம் நாங்கதானே போட்டுக் குடுத்தோம்.”

தாஹிரா, கூடையிலிருந்து மேஜைமேல் எடுத்து வைத்திருந்த நோட்டுகளில் மேலே இருந்ததை எடுத்துத் திரும்பக் கூடையில் வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள். மூன்றாவதை எடுக்கக் கையை நீட்டியபோது சரசம்மாதான் வாயைத் திறந்தாள்.

“போட்டுத் தொலைங்க. இதுவும் போயிட்டா தம்பிக்குப் பாத்த பொண்ணு வூட்டுல நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு பேசறது.”

கங்கப்பன் கையெழுத்துப் போட்டார். சின்னராஜ் முத்திரை வைத்தார். தாஹிரா தாளை வாங்கி ஒவ்வொரு வார்த்தையாக, வாய்விட்டு இல்லாமல் உதடு மட்டும் அசைய, இரண்டு தடவை படித்தாள். மடிக்கவில்லை.

“ஒண்ணு பத்தாதுங்கண்ணா. நாலு வேணும். கார்பன் வேணாம், நாலும் அசல்.”

சின்னராஜ் மெஷினில் தாளைச் செருகினார். ஒன்றை அடித்து முடித்து உருவிக் கொடுக்க, கங்கப்பன் கையெழுத்துப் போட, அடுத்ததை அடித்தார். ஒவ்வொரு தடவையும் ‘தனியாக’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் கங்கப்பனின் பேனா கொஞ்சம் நின்று, பிறகு கீழே இறங்கியது. தாஹிரா மேஜை ஓரத்தில் நின்று மை காய்கிற வரை ஒவ்வொன்றையும் கையில் ஏந்தியிருந்தாள். நாலாவதில் பேனா நிற்கவில்லை. கையெழுத்தும் அதில்தான் கொஞ்சம் ஒழுங்காக வந்திருந்தது.